பனி உருகிய பின் ஸ்மால்மவுத் எங்கே போகிறது?

வசந்தத்தில் ஸ்மால்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனுக்கு எந்த லூர், அதாவது செயற்கை இரை, நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கூடவே எழுதியிருக்கும் விவரத்தைப் படித்தால் சிக்கல் லூரில் இருப்பதாகத் தெரியவில்லை. போன ஜூன் கடைசியில் டெட்ராய்ட் பக்கத்து செயின்ட் கிளேர் ஏரிக்கரைப் பூங்காவில் நின்று, பச்சை ட்யூப் (குழாய் வடிவ ரப்பர் லூர்) போட்டு, ஒரே காலையில் ஆறு மீன் பிடித்தீர்கள். இந்த ஏப்ரலில் அதே கரை, அதே ட்யூப், அதே காலை ஐந்தரை மணி. நான்கு சனிக்கிழமை போயும் ஒரு கடி கூட இல்லை. நடுவில் எண்பது டாலருக்குப் புது லூர் வாங்கியும் பார்த்தாயிற்று. படகு இல்லாமல் முடியாதா, முட்டையிடும் சமயத்தில் எதைப் போட்டாலும் கடிக்கும் என்று நண்பர் சொல்கிறாரே என்று வேறு கேட்கிறீர்கள். ஆக, ஜூனில் காலடியில் இருந்த மீன் ஏப்ரலில் எங்கே இருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி. அது தெரிந்தால் லூர் விஷயம் முக்கால்வாசி தானே தீர்ந்துவிடும்.

நான் மீன்வளம் படித்தவன் இல்லை. கார் பாகம் செய்யும் இடத்தில் பொறியாளர் வேலை. பதினான்கு வருடமாக டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் மீன் பிடிக்கிறேன். போகும்போதெல்லாம் நீரின் வெப்பநிலை, காற்றின் திசை, நேரம், கிடைத்த மீன் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது வழக்கம். அதனால் இங்கே எழுதுவது செயின்ட் கிளேர் ஏரிக்கும் ஹியூரன் ஆற்றுக்கும் நன்றாகப் பொருந்தும். உலக சாதனை ஸ்மால்மவுத், 11 பவுண்டு 15 அவுன்ஸ், 1955இல் டென்னஸி, கென்டக்கி எல்லையில் உள்ள டேல் ஹாலோ நீர்த்தேக்கத்தில் பிடிபட்டது. அந்த மாதிரி ஆழமான தெற்கத்தி நீர்நிலைகளில் நான் தூண்டில் போட்டதில்லை. அங்கே காலக்கணக்கும் வேறு, முறையும் வேறு.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். மீனுக்கு உடம்பில் தனிச் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவோ மீனும் அவ்வளவு. நீர் 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது ஸ்மால்மவுத் கிட்டத்தட்டப் பட்டினிதான் கிடக்கிறது. செரிமானம் அவ்வளவு மெதுவாகிவிடும். (இங்கே எல்லோரும் ஃபாரன்ஹீட்டில் பேசுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன். 40 என்றால் நாலரை செல்சியஸ், 50 என்றால் பத்து, 60 என்றால் பதினைந்தரை.) அந்தக் காலத்தில் ஆழமாக, நீரோட்டம் இல்லாத இடமாகப் பார்த்துக் கூட்டமாக அடைந்து கிடக்கும். நீர் 45ஐ நெருங்கும்போது அசையத் தொடங்கி, முட்டையிடப் போகும் ஆழம் குறைந்த பரப்பை நோக்கி மெல்ல வரும். ஆனால் நேராக அதில் ஏறிவிடாது. ஊர்த் தேர் கிளம்பும் முன் சனம் கோயில் வாசலில் நிற்காமல் பக்கத்துத் தெருக்களில் கடை பார்த்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி, பரப்புக்கு வெளியே இருக்கும் கடைசிச் சரிவில் வாரக்கணக்கில் தங்கும். 48 முதல் 58 வரை அங்கேதான். அந்த நாட்களில் முட்டை முதிர்வதற்காகப் பெண் மீன் நன்றாகத் தின்னும். வருடத்திலேயே எடை அதிகமான மீன் கிடைப்பது அப்போதுதான்.

58, 60 ஆனதும் ஆண் மீன் மேலே ஏறி, வாலால் துடைத்துக் கூடு போடும். கூடு என்றால் சரளையிலோ கெட்டி மணலிலோ இரண்டு மூன்று அடி அகலத்துக்கு ஒரு வெளிறிய வட்டம். பெரும்பாலும் பக்கத்தில் ஒரு பாறாங்கல்லோ மூழ்கிய மரமோ இருக்கும். முட்டையிடுவது பெரும்பாலும் 60க்கும் 65க்கும் நடுவில். செயின்ட் கிளேரில் அது மே நடுவில் தொடங்கி ஜூன் வரைக்கும் நீளும், வருடத்துக்கு வருடம் பத்து நாள் முன்பின் ஆகும். நீங்கள் ஜூன் கடைசியில் பிடித்தது அதெல்லாம் முடிந்து பசியோடு கரையோரம் திரிந்த மீனை. ஏப்ரலில், விடியற்காலையில், அந்தக் கரையில் தண்ணீர் 41 அல்லது 42 டிகிரி இருந்திருக்கும். அங்கே ட்யூப் போட்டாலும் தங்கத்தைக் கட்டிப் போட்டாலும் ஒன்றுதான்.

இந்த ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாறை ஏரிகளுக்கு எழுதப்பட்ட அறிவுரை இங்கே பாதி செல்லாது. செயின்ட் கிளேர் பரப்பில் பெரியது, சுமார் 430 சதுர மைல். ஆழத்தில் ஒன்றுமில்லை. சராசரி ஆழம் 11 அடிதான். இயற்கையாக அதிகபட்சம் 21 அடி, கப்பலுக்காகத் தோண்டிய கால்வாயில் மட்டும் 27 அடி. ஹியூரன் ஏரியின் குளிர்ந்த தண்ணீர் வடக்கே செயின்ட் கிளேர் ஆறு வழியாக உள்ளே வந்து, தெற்கே டெட்ராய்ட் ஆறு வழியாக வெளியேறுகிறது. அந்த ஓட்டத்துக்கு நேராக இருக்கும் இடங்கள் மே வரை சூடேறாது. ஓட்டத்திலிருந்து ஒதுங்கிய விரிகுடாக்கள், கரையோரக் குடியிருப்புகளுக்குள் வெட்டிய கால்வாய்கள், கிளிண்டன் ஆறு வந்து சேரும் பக்கம், இவையெல்லாம் முதலில் சூடேறும். ஒரே நாள் மதியம் வெளியே ஏரியில் 44, ஒரு கால்வாய்க்குள் 53 என்று என் நோட்டில் இருக்கிறது. கருஞ்சேறு உள்ள தரை வெயிலை அதிகம் வாங்கிக்கொள்கிறது, ஆழமும் ஐந்தாறு அடிதான், அலையும் கிடையாது. அதற்காகக் கால்வாய்க்குள்ளேயே போய் ஸ்மால்மவுத் தேடாதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதன் இனத்து லார்ஜ்மவுத் பாஸும் புளூகில் என்ற சின்ன மீனும்தான். (வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் போனால் லார்ஜ்மவுத், கண்ணுக்குக் கீழேயே நின்றால் ஸ்மால்மவுத்.) கால்வாயின் வாய், அங்கிருந்து வெளியே போகும் தோண்டிய தடம், அந்தத் தடத்தின் இரண்டு பக்கச் சரிவு, இவற்றைத்தான் பார்க்க வேண்டும். சூடான தண்ணீர் வெளியே கசிந்து வரும் இடம் அது.

பாறை அதிகம் இல்லாத ஏரி என்பதால் மீன் எதையாவது ஒன்றை ஒட்டித்தான் நிற்கும். போன வருடத்துப் பாசி முழுவதும் அழுகிப் போகாமல் அங்கங்கே கொத்துக் கொத்தாக நிற்கும். ஒன்பது, பத்து அடி ஆழத்தில் அப்படி ஒரு பச்சைக் கொத்து கிடைத்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். சாதாரண மணல் தரையில் ஒரு அடி உயர வித்தியாசம் கூட மீனுக்குப் போதும். பழைய மரத்தூண், கடல் சுவர் மாதிரி கட்டிய கரைச்சுவரின் அடியில் உதிர்ந்து கிடக்கும் கற்கள் எல்லாம் கணக்கில் வரும்.

அடுத்தது நேரம். விடியற்காலைதான் மீனுக்கு ஏற்ற நேரம் என்பது நமக்கெல்லாம் சின்ன வயதிலிருந்தே ஊறிப்போனது, கோடையில் அது சரியும்கூட. ஏப்ரலில் அதுதான் உங்களைக் கெடுத்திருக்கிறது. இரவெல்லாம் குளிர்ந்து தண்ணீர் மிகவும் சில்லிட்டுக் கிடப்பது சூரியன் எழும் நேரத்தில்தான். மதியம் இரண்டு முதல் ஐந்து வரை மேல் நான்கடித் தண்ணீர் மூன்று நான்கு டிகிரி ஏறியிருக்கும், அந்த ஏற்றமே மீனைக் கிளப்பிவிடும். என் நோட்டில் இத்தனை வருட ஏப்ரல் பக்கங்களிலும் காலை ஒன்பதுக்கு முன் பிடித்தது என்று எழுதியிருப்பது மூன்றே மூன்று மீன். மூன்றும் மாதக் கடைசியில், முந்தின இரவு சூடாக இருந்த நாட்களில் கிடைத்தவை. நாள் கணக்கிலும் அப்படித்தான். தொடர்ந்து மூன்று நாள் வெயிலடித்தால் மூன்றாம் நாள் போங்கள். நல்ல வெயிலுக்குப் பின் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கி வானம் பளிச்சென்று நீலமாகிவிட்டால், தண்ணீர் இரண்டு டிகிரிதான் இறங்கியிருக்கும், ஆனால் மீன் மறுபடி சரிவின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு வீட்டு வேலை ஏதாவது இருந்தால் முடித்துவிடுவது உத்தமம்.

காற்றை இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். மிதமான காற்று, வெயிலில் சூடான மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்க்கரையில் சேர்க்கும். அந்தக் கரையில் சின்ன மீன் ஒதுங்கும், பின்னாலேயே ஸ்மால்மவுத் வரும். ஆனால் நீங்கள் நிற்கும் மேற்குக் கரைக்குக் கிழக்குக் காற்று பலமாக இரண்டு நாள் அடித்தால் இந்த ஆழமில்லாத ஏரி தேநீர் மாதிரி கலங்கிவிடும். ஸ்மால்மவுத் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். இந்த ஏரியில் 1988இல் வரிச்சிப்பி, அதாவது ஸீப்ரா மஸ்ஸல், முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அது தண்ணீரை வடிகட்டி வடிகட்டி ஏரியே தெளிந்துவிட்டது. மீனும் அந்தத் தெளிவுக்குப் பழகிவிட்டது. கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோடு கண்ணுக்குத் தெரியும், அதில் லேசான பச்சை நிறம் உள்ள தெளிந்த பக்கம் மீன் இருக்கும். முழுக்கக் கலங்கியிருந்தால் இடத்தை மாற்றுவதே வழி.

சரி, லூருக்கு வருகிறேன். உங்கள் ட்யூபைத் தூக்கி எறிய வேண்டாம். அது இந்த ஏரிக்கென்றே செய்த மாதிரி ஒரு லூர். கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து கோபி மீன் கப்பல்கள் பாரத்துக்காக அடியில் நிரப்பும் தண்ணீரில் வந்து, 1990இல் செயின்ட் கிளேர் ஆற்றில் முதலில் தென்பட்டது. இன்று ஸ்மால்மவுத்தின் முக்கியமான சாப்பாடு அது. கோபிக்குக் காற்றுப்பை கிடையாது. அதனால் நீரில் மிதந்து நிற்க முடியாமல் தரையோடு தரையாகக் கிடக்கும், கொஞ்சம் தத்தும், மறுபடி கிடக்கும். ட்யூபையும் அப்படித்தான் இழுக்க வேண்டும். ஜூனில் நீங்கள் துள்ள வைத்தது எடுபட்டிருக்கும். ஏப்ரலில் துள்ளல் வேண்டாம். மூன்றரை அங்குல ட்யூப், கால் அவுன்ஸ் ஈயம், தரையில் படவிட்டு, ராடை, அதாவது தூண்டில் கோலை, பக்கவாட்டில் ஒரு அடி மெதுவாக நகர்த்தி நிறுத்துங்கள். ரீலைச் சுற்றி இழுக்காதீர்கள், அது வேகமாகிவிடும். கடி என்பது தட்டல் மாதிரி வராது. ஈரத்துணி ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு கனம், அவ்வளவுதான். ஆரம்பத்தில் அதைப் பாசி என்று நினைத்து நான் விட்ட மீன்கள் எத்தனையோ.

48க்கு மேல் 58 வரை நான் முதலில் எடுப்பது ஜெர்க்பெயிட். நாலு அங்குல நீளத்தில், ஒல்லியாக, சின்ன மீன் போலவே இருக்கும். ராடைச் சட்டென்று இரண்டு தடவை சுண்டி (இதைத்தான் வெட்டு என்போம்) நிறுத்தினால் மிதக்காமலும் மூழ்காமலும் அந்தரத்தில் அப்படியே நிற்கும். கடி விழுவது நிற்கும்போதுதான், இழுக்கும்போது அபூர்வம். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். 45 டிகிரியில் பத்துப் பதினைந்து நொடி. மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நீளமான நேரம் என்று தெரியும். 50க்கு மேல் ஐந்து நொடி போதும். 55 தாண்டினால் இரண்டு நொடி, அல்லது ஜெர்க்பெயிட்டை வைத்துவிட்டு, மூன்று அங்குல ரப்பர் மீன் ஒன்றை நிறுத்தாமல் சீராகச் சுற்றி இழுப்பதே மேல். வெட்டும்போது நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, தளர்வாக இருக்க வேண்டும், இறுக்கமான நரம்பில் வெட்டினால் லூர் உங்களை நோக்கி ஓடிவந்துவிடும்.

இங்கே என் தொழில்புத்தி கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். புது ஜெர்க்பெயிட்டை வீட்டுத் தொட்டியில் போட்டு, அந்தரத்தில் நிற்கிறதா என்று பலர் சோதிக்கிறார்கள். தொட்டித் தண்ணீர் 68 டிகிரி என்றால் அதன் அடர்த்தி 0.998, ஏரித் தண்ணீர் 40 டிகிரியில் கிட்டத்தட்ட 1.000. பதினான்கு கிராம் லூருக்கு இந்த வித்தியாசம் நூறில் இரண்டரைப் பங்கு கிராம் மிதவிசை. கேட்க அற்பம். ஆனால் நடுநிலையில் நிற்கும் பொருளுக்கு அது போதும், தொட்டியில் அசையாமல் நின்றது ஏரியில் மெல்ல மேலே ஏறும். பத்து நொடி நிறுத்தத்தில் ஒரு அடி ஏறிவிட்டால், மேலே வந்து கடிக்கும் அளவுக்குத் தெம்பு இல்லாத மீனுக்கு அது எட்டாது. கடையில் ஒட்டும் ஈயத்தகடு கிடைக்கும், வயிற்றுப் பக்கம் ஒரு சின்னத் துண்டு ஒட்டுங்கள். அல்லது முன் முள்ளை ஒரு அளவு பெரிதாக மாற்றுங்கள். சோதனையை ஏரியிலேயே, காலடியில் செய்யுங்கள்.

மூன்றாவதாக நெட் ரிக். கான்சஸைச் சேர்ந்த நெட் கெடி என்ற மீன்பிடி எழுத்தாளரின் பெயரில் வந்தது. காளான் மாதிரித் தலையுள்ள சின்ன ஈயத்தில் இரண்டே முக்கால் அங்குலத்துக்கு ஒரு ரப்பர்க் குச்சி, பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பத்தில் ஒரு பங்கு அவுன்ஸ்தான் எடை. குளிர்காற்று அடித்து மீன் முறைத்துக்கொண்டு கிடக்கும் நாளில் இதைத் தரையில் போட்டு, சும்மா விட்டாலே எடுக்கிறது. கரையிலிருந்து வீசுபவருக்குச் செலவும் குறைவு. இந்த மூன்றுக்கும் மேல் ஏப்ரலில் எனக்குத் தேவைப்பட்டதில்லை. ராட் ஏழடி, மீடியம் ஸ்பின்னிங். 10 பவுண்டு பின்னல் நரம்பு, நுனியில் ஆறடிக்கு 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு. உங்களிடம் ஏற்கெனவே இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். கூட்டில் நிற்கும் ஆண் மீன் எதைப் போட்டாலும் கடிக்கும் என்பது உண்மைதான். பசியால் கடிப்பதில்லை, முட்டையின் பக்கம் வருவதை விரட்டக் கடிக்கிறது. பெண் மீன் முட்டையிட்டதும் போய்விடும். முட்டை பொரிவதற்குச் சூட்டைப் பொறுத்துச் சில நாள் முதல் ஒரு வாரத்துக்கு மேல் வரை ஆகும். குஞ்சுகள் கறுப்பாகக் கூட்டமாக நீந்தத் தொடங்கிய பிறகும் தகப்பன் மட்டும் வாரக்கணக்கில் காவல் நிற்கும். ஊரில் விரால் மீன் குஞ்சுக் கூட்டத்தின் அடியிலேயே காவல் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தாய் விராலைப் பிடித்தால் குஞ்செல்லாம் போச்சு என்று பெரியவர்கள் சொல்வார்கள், இங்கேயும் அதே கதைதான். ஈரி ஏரியின் பாஸ் தீவுகள் பக்கம் ஆய்வாளர்கள் ஆண் மீனைக் கூட்டிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆள் இல்லை என்று தெரிந்ததும் கோபிகள் கூட்டமாக வந்து முட்டையைத் தின்னத் தொடங்கின. நீங்கள் முள்ளைக் கழற்றி, படம் எடுத்து, மீனை விடும் சில நிமிடமே அவற்றுக்குத் தாராளம். ஒன்டாரியோவின் ஓபியோங்கோ ஏரியில் பல பத்தாண்டுகளாக இந்த மீனைக் கவனித்து வருகிறார்கள். ஆண் மீன் பல வருடம் போன தடவை கூடு போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப வருகிறது என்று அங்கே கண்டிருக்கிறார்கள். அதனால் ஒரு கூட்டைத் தெரிந்துகொண்ட ஆள் வருடா வருடம் அதே மீனைத் தொந்தரவு செய்ய முடியும்.

இதனால் ஏரி முழுவதற்கும் மீன் குறைந்துவிடுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஒரு கூடு அழிவது நிச்சயம். ஆனால் மிச்சம் இருக்கும் கூடுகளிலிருந்து வரும் குஞ்சுகள் அந்த இடத்தை நிரப்பிவிடலாம், நிரப்பாமலும் போகலாம், ஏரிக்கு ஏரி மாறும் என்பது ஒரு தரப்பு. அதனால்தான் சட்டமும் இடத்துக்கு இடம் வேறாக இருக்கிறது. மிச்சிகனில் பிடித்து உடனே விடுவதற்கு வருடம் முழுவதும் அனுமதி உண்டு. பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோக செயின்ட் கிளேர் ஏரியிலும் அதன் இரண்டு ஆறுகளிலும் ஜூன் மூன்றாவது சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். உடனே என்றால் உடனேதான், வாளியில் போட்டு வைத்து அப்புறம் விடுவது குற்றம். ஏரியின் நடுவே நாட்டு எல்லை ஓடுகிறது. கனடாப் பக்கம் ஒன்டாரியோ உரிமம் தனியாக வேண்டும். அங்கே மூடிய காலத்தில், திரும்ப விட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டு பாஸைக் குறிவைத்து வீசுவதே தப்பு. விதி அடிக்கடி மாறுகிறது, அந்தந்த வருடத்துக் கையேட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள். என் சொந்த வழக்கம் சட்டத்தைவிடக் கொஞ்சம் கடுமை. வெளிறிய வட்டமும் மேலே அசையாமல் ஒரு கறுத்த மீனும் கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் வீசுவதில்லை. இந்தக் குளிர்ப் பிரதேசத்தில் பன்னிரண்டு அங்குலம் வளரவே நான்கைந்து வருடம் ஆகிறது.

இனி, நம்பிக்கை அளவில் இருப்பவை. மே மாதப் பௌர்ணமியில்தான் மீன் கூட்டமாக மேலே வரும் என்று படகுத்துறையில் எல்லோரும் சொல்வார்கள். என் பதினான்கு வருடக் குறிப்பைப் பௌர்ணமித் தேதியோடு வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. ஒரு ஆளின் நோட்டு எதையும் நிரூபிக்காது என்பதும் சரிதான். காற்றழுத்தம் பற்றியும் நிறைய பேசுவார்கள், அதில் எனக்குச் சந்தேகம் அதிகம். ஒரு மில்லிபார் அழுத்தம் என்பது ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஆழத்துக்குச் சமம். பெரிய புயல் ஒன்று கடந்து போகும்போது இருபது மில்லிபார் மாறுகிறது என்றால், மீன் ஒரு சாண் கீழே இறங்கினால் ஆயிற்று. அதைவிட, அதே நேரத்தில் மாறும் வெளிச்சமும் காற்றும் நீர்ச்சூடுமே காரணம் என்பது என் கணிப்பு. கணிப்புதான். லூரின் நிறம் பற்றிச் சண்டையே நடக்கும். தெளிந்த தண்ணீருக்குப் பூசணிப் பச்சை, கலங்கலுக்கு வெள்ளை, இந்த இரண்டோடு நான் நிறுத்திக்கொண்டேன். மீதி நிறங்கள் மீனைவிட மனிதனைத்தான் அதிகம் பிடிக்கின்றன.

படகு இல்லாதது செயின்ட் கிளேரில் ஏப்ரல் முடியும்வரை ஒரு குறைதான், பூசி மெழுக விரும்பவில்லை. மீன் தங்கும் சரிவு பெரும்பாலும் கரையிலிருந்து வீசி எட்டும் தூரத்தில் இருக்காது. விதிவிலக்கு நான் சொன்ன கால்வாய் வாய்களும், ஆழமான தடம் கரையை ஒட்டிப் போகும் படகுத்துறைப் பக்கங்களும். பூங்காவில் பொதுமக்கள் போகக்கூடிய அப்படிப்பட்ட இடத்தைத் தேடி, உங்கள் வழக்கமான இடத்தை மே கடைசிவரை மறந்துவிடுங்கள். இன்னொரு வழி, நான் படகு வாங்குமுன் செய்தது, ஆற்றுக்குப் போவது. ஹியூரன் ஆறு ஆன் ஆர்பர் ஊரைச் சுற்றி நல்ல ஸ்மால்மவுத் ஆறு, ஏரியைவிட முன்னதாகச் சூடேறும். குளிர்காலத்தில் மீன் அடைந்து கிடந்த ஆழமான மடுவைக் கண்டுபிடித்து, அந்த மடு மெல்ல ஏறி ஆழம் குறையும் வால்பகுதியில் வீசுங்கள். ஓட்டமும் தேக்கமும் உரசும் கோட்டில், தேக்கத்தின் பக்கமாக மீன் நிற்கும், நடு ஓட்டத்தில் நிற்காது. மழைக்குப் பின் ஆறு ஏறியிருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம், அமெரிக்க நிலவியல் துறையின் நீரளவி ஆன் ஆர்பரில் இருக்கிறது. ஏறிக்கொண்டிருக்கும் ஆற்றுக்குப் போகாதீர்கள். இறங்கித் தெளிந்துவரும் இரண்டாம் மூன்றாம் நாள் அருமை.

ஆற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐந்தாவது வருடம், ஏப்ரல் இரண்டாம் வாரம், வெயில் நன்றாக அடிக்கிறதே என்று இடுப்பளவு இறங்கினேன். தண்ணீர் 46. பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கி மூழ்கியபோது முதலில் போனது மூச்சு. உள்ளே இழுத்த மூச்சை வெளியே விட முடியவில்லை, கத்த வாய் வரவில்லை. கரை பன்னிரண்டு அடி தூரம்தான். அதற்குள் விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. கார்ச் சாவியைப் பைக்குள்ளிருந்து எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அதிலிருந்து மே பிறக்கும்வரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குவதில்லை, கரையில் நின்றாலும் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு நீச்சல் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் தெரியும்.

ஆகவே வரும் சனிக்கிழமை தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு, ஒரு மணிக்குக் கிளம்புங்கள். பத்து டாலருக்குக் கயிறு கட்டிய தெர்மாமீட்டர் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். இனிமேல் லூர் வேண்டாம். கிரேட் லேக்ஸ் மேல்தண்ணீர் சூட்டை நோவா என்ற அமெரிக்கக் கடல், வானிலை அமைப்பு தினமும் வரைபடமாகப் போடுகிறது, கிளம்புமுன் அதைப் பார்த்தால் ஏரி மொத்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். போய்ச் சேர்ந்ததும் மூன்று நான்கு இடத்தில் தெர்மாமீட்டரை இறக்குங்கள். 46க்குக் கீழேயே எல்லா இடமும் இருந்தால் ஆற்றுக்குத் திரும்பிவிடுங்கள். எங்காவது 48 காட்டினால் அங்கே ஜெர்க்பெயிட்டைப் போட்டு, பத்து எண்ணும்வரை நிறுத்துங்கள். எத்தனை டிகிரியில் என்ன நடந்தது என்று வந்து சொல்லுங்கள், என் நோட்டிலும் எழுதிக்கொள்கிறேன்.